கிளிக்குக் கூட்டம் ஆகாது

விடுமுறைக்கு உறவினர்கள் வந்திறங்கியதுமே மாமியார் கறாராகச் சொல்லிவிட்டார்.

“எங்க கிளிக்குக் கூட்டம் ஆகாது. சென்ட் வாசனையும் டிவி சத்தமும் பட்டா இறகைப் பிச்சுக்கும். பின் ரூம்ல வெச்சிருக்கேன், யாரும் எட்டிப் பார்க்காதீங்க. மருமக கூடவே இருப்பா.”

“ஒரு கிளிக்கு இவ்வளவு உபசாரமாடி?” என்று அவருடைய அக்கா நொடித்தார்.

மாமியாரின் கொழுந்தனார் பறவை டாக்டர். தானே பார்ப்பதாகச் சொல்லி உள்ளே போனவர், சிறிது நேரத்தில் சமையலறையில் இருந்த மாமியாரிடம் வந்தார்.

“கிளி ஜம்முனு இருக்கே அண்ணி. என் தோள்ல ஏறிக் கதை பேசுது. இந்தக் கூட்டமெல்லாம் அதுக்குத் தூசு.”

மாமியார் குரலைத் தாழ்த்தினார். “கிளிக்கு ஒண்ணும் இல்லப்பா. மருமகளுக்குத்தான் போன மாசம் கரு கலைஞ்சிடுச்சு. வெளிய யாருக்கும் தெரியாது. ஹால்ல உட்கார்ந்தா ஆளாளுக்கு ‘என்ன, ஏதாவது விசேஷமா’ன்னு கேப்பாங்க. அவ தாங்க மாட்டா.”

டாக்டர் நேராக ஹாலுக்குப் போனார்.

“கிளியைப் பார்த்தேன், அண்ணி சொன்னது சரிதான்,” என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. “நாம கிளம்புற வரைக்கும் அந்த ரூம் பக்கம் யாரும் போகக் கூடாது.”