மலை இருக்க முடியாத இடம்

ஆய்வுக் கப்பலின் கணினி அறையில் பெனடிக்டா பொய்ப் புள்ளிகளை அழித்துக்கொண்டிருந்தாள். கடலடியில் பட்டுத் திரும்பும் ஒலியை மென்பொருள் புள்ளிகளாக்கி வரைபடத்தில் இடும். மீன்கூட்டம் குறுக்கே வந்தால் அதையும் தரையென்று காட்டிவிடும். ஓரிடத்தில் மட்டும் சில புள்ளிகள் கொத்தாக மேலெழுந்து நின்றன. அந்தப் பகுதியில் மலையே இருக்க முடியாது என்று நிறுவித்தான் அவள் முனைவர் பட்டம் வாங்கியிருந்தாள்.

"மீனாத்தான் இருக்கும், அழிச்சிடுங்க மேடம்," என்றான் உடன் வேலை செய்யும் தணிகாசலம்.

அழிக்கும் பொத்தான்மேல் வைத்த விரலை அவள் அழுத்தாமலே எடுத்துக்கொண்டாள். பிறகு எழுந்து போய், கப்பலைத் திருப்பும்படி கேப்டனிடம் கேட்டுக்கொண்டாள்.

அதே இடத்தை மறுபடி கடக்கையில் திரையில் மலை வரிவரியாக வளர்ந்தது. அகன்ற அடிவாரம், செங்குத்தான சரிவு, உச்சியில் எப்போதோ அணைந்துபோன எரிமலையின் வாய்.

"உங்க ஆராய்ச்சி மொத்தமும் போச்சே மேடம்," என்றான் தணிகாசலம் மெதுவாக.

"போகட்டும். எவ்வளவு அழகா இருக்கு, பாருங்க."

தேநீரை எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்கு வந்து, கம்பியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள். வெயிலில் தண்ணீர் தட்டையாகக் கிடந்தது. மலையைக் கப்பல் கடந்து முடிக்கும்வரை அவள் அங்கேயே நின்றாள். கையில் தேநீர் ஆறிப்போயிருந்தது.