தூக்கிய மரம்

"வால்வு மேல பழி போடாதீங்க பாய், உங்க கைதான்..."

"மூணு வாட்டி சீல் மாத்திப்போட்டேனுங்க அக்கா! இன்னமும் ஆயில் கசியுது, மரம் தானா எறங்குது. பேசாம வண்டியப் பழைய இரும்புக்குப் போட்டுருங்க."

"எங்க வீட்டுக்காரரு ஓட்டுனப்ப ஒரு விரக்கடைகூட எறங்கலீங்களே?"

மேட்டுப்பாளையம் மர டிப்போவில், கம்பிவடத்தால் மரம் தூக்கி இழுக்கும் அந்தப் பழைய வண்டியின் பக்கத்தில் பாப்பாயியும் மெக்கானிக் அமீர் ஹம்சாவும் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்த வண்டியை ஓட்டிவந்த பாப்பாயியின் கணவர் சுப்பண்ணன் 1993 ஆடியில் இறந்து, ஏழு மாதம் ஆகியிருந்தது. தூக்கிய மரத்துக்கு அடியில் யாராவது குனிந்தால் அவர் வடம் சுற்றும் வின்ச்சின் லிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "நான் புடிச்சிருக்கறேனுங்க" என்பார்.

சண்டை மும்முரத்தில் ஹம்சா ஒன்றை மறந்துவிட்டார். தூக்கியிருந்த மரத்தைத் தரையில் இறக்காமலே அதனடியில் படுத்து வால்வைக் கழற்றினார். மரத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஆயில் முழுதும் மண்ணில் கொட்டித் தீர்ந்தது. அரை டன் தேக்கு அவர் நெஞ்சுக்கு மேல் அப்படியே நின்றது. கம்பிவடம் தளரவில்லை.

"அக்கா... வால்வு என் கையில இருக்குதுங்க."

"தெரியுதுங்க. மெதுவா வெளிய வாங்க."

ஓட்டுநர் இருக்கையில் யாருமில்லை. லிவர் மட்டும் பின்னுக்கு இழுபட்டு, லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

ஹம்சா தவழ்ந்து வெளியே வந்தார். மரம் இறங்கவில்லை. பாப்பாயி வண்டியில் ஏறி, லிவரின் மேல் உள்ளங்கையை வைத்தார். அது வெதுவெதுப்பாக இருந்தது.

"ஏனுங்க, பாய் வெளிய வந்துட்டாருங்க. கை வலிக்குமில்லீங்களா, இனி உடுங்க."