வைஃபை திருடி

“இன்னைக்கே பாஸ்வேர்ட மாத்தணும். இன்னைக்கே அவ வூட்ட காலி பண்ணணும்.”

இசைவாணி செருப்பைக் கழற்றுவதற்குள் வீட்டுக்காரர் தைரியநாதன் இரண்டு உத்தரவு போட்டுவிட்டார்.

‘அவ’ என்றது மாடியில் ஒற்றை அறையில் குடியிருக்கும் வளர்மதியை. கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வந்தவள். பகலில் ஜெராக்ஸ் கடையில் வேலை, மற்ற நேரமெல்லாம் குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிப்பு. வருகிற ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. இந்த நேரத்தில் அறை போனால் புத்தகத்தோடு பஸ் ஸ்டாண்டில்தான் உட்கார வேண்டும்.

அவள் மாடிப்படியில் தலை குனிந்தபடி நின்றிருந்தாள்.

இசைவாணி ப்ளஸ் டூவோடு படிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கேபிள் ஆபீஸில் சேர்ந்தவள். ஒரு வருடத்தில் இருநூறு வீட்டுக்கு நெட் கொடுத்திருக்கிறாள். அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

“இன்னா சார் நடந்துச்சி?”

நெட் ஒரே ஸ்லோவாம். நேற்று போனில் செட்டிங்ஸை நோண்டும்போது திருடியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாராம். மோடத்தை ரிப்பேர் பண்ணது இவராம், அனுபவிக்கிறது அவளாம்.

“ரிப்பேர் நீங்களே பண்ணீங்களா?”

“பின்ன? போன மாசம் நின்னு போச்சி. உங்க ஆபீஸ்ல ஆள அனுப்பறேன்னாங்க, வேணாம்னுட்டேன். வீடியோவ பாத்து ரெண்டே நாள்ல ஓட வெச்சேன். தெருவுல யார வேணா கேளு.”

கேட்கத் தேவையில்லை. வழி சொன்ன டீக்கடைக்காரரே அந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

“வுடுங்களேன், நெட்டுதானே” என்றாள் தைரியநாதனின் மனைவி உபகாரமேரி, சமையல்கட்டிலிருந்தே.

“நீ சும்மா இரு. மலையில இருந்து வந்தவ, ஒண்ணும் தெரியாத பொண்ணுன்னு நெனச்சேன். பாஸ்வேர்டையே ஒடச்சிருக்கா.”

இசைவாணி படிப்பக்கம் திரும்பினாள். “இன்னாக்கா பேசாம நிக்கறீங்க? எடுத்தீங்களா இல்லியா?”

வளர்மதி ஒரு நொடி உபகாரமேரியைப் பார்த்தாள். “ரூம காலி பண்ணிடறேன்” என்று மட்டும் சொன்னாள்.

எடுத்திருக்கிறாள் என்றுதான் இசைவாணிக்கும் பட்டது. தப்பு பண்ணாதவள் இவ்வளவு அமைதியாக ஏன் நிற்கப் போகிறாள்?

மோடத்தைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. லைனே வராத மோடத்தில்தான் அது எரியும். பிளக்கைப் பிடுங்கினாள்.

டிவியில் யூடியூப் பாட்டு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

“பாத்தியா” என்றார் தைரியநாதன் நெஞ்சை நிமிர்த்தி. “நான் பண்ண ரிப்பேரு. கரண்ட புடுங்குனாகூட நிக்காது.”

“அப்புறமா பெருமைப்படுங்க சார். திருடிய எதுல பாத்தீங்க, அத காட்டுங்க.”

போனை நீட்டினார். வைஃபை என்று போட்டு, கீழேயே ‘வளர்மதி’ என்றிருந்தது.

“எவ்ளோ தைரியமா என் போனுக்குள்ளயே வந்து உக்காந்துக்கினு இருக்கா பாரு.”

இசைவாணிக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது, தன் மேலும் சேர்த்து.

“சார், இது உள்ள வந்தவங்க பேரு இல்ல. உங்க போனு யார் வைஃபைல இருக்குதோ அவங்க பேரு. உங்க லைனு ஒரு மாசமா செத்துக் கெடக்குது. போனு, டிவி எல்லாமே அந்த அக்கா படிக்கறதுக்கு வாங்கி வெச்சிருக்கற சிம் போட்ட வைஃபை டப்பாவுலதான் ஓடுது. அவங்கள வெளிய அனுப்ப முடியாது. நீங்கதான் அவங்க வைஃபைல குடியிருக்கறீங்க.”

தைரியநாதன் போனை வெடுக்கென்று வாங்கிக்கொண்டார். மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

உபகாரமேரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

“நம்ம பொண்ணு செலினாவுக்கு ஆன்லைன் இன்டர்வியூ வந்துச்சே, அன்னிக்கு நீங்க மோடத்த பிரிச்சிப் போட்டுட்டு ஆபீஸ் போயிட்டீங்க. நான்தான் மாடிக்கு ஓடிப்போய் கேட்டேன். எறங்கி வந்து அவ வைஃபைய எல்லாத்துலயும் போட்டுக் குடுத்தா. சாயங்காலம் நீங்க வந்து, நானே சரி பண்ணிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சீங்க. உண்மைய சொல்லிடலாம்னு நான் வாய தொறந்தப்ப, ‘வேணாம்க்கா, அண்ணன் எவ்ளோ பெருமையா இருக்காரு, அத கெடுக்காதீங்க’ன்னு என் கையப் புடிச்சி நிறுத்துனவ அவதாங்க.”