துணி காயும் மூலை

பீர்மேட்டுத் தேயிலைத் தோட்ட லயத்தில் ஜோபி பிட்காயின் மிஷின் வைத்தபோது எல்லோரும் சிரித்தார்கள். மீன்பெட்டிக்குள் கிராபிக்ஸ் கார்டுகளைக் கம்பியால் கட்டியிருந்தான். மனைவி ஜிஷாவின் சங்கிலியை விற்றுத்தான் அவற்றை வாங்கினான். பிட்காயின் கைக்கு வரவேயில்லை. சூடு மட்டும் வந்தது. மழைக்காலத்தில் அவள் அந்தச் சூட்டில் துணி காயப்போட்டாள். அவன் வியர்த்து வழிய, மிஷின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். போன வருடம் அப்படி உட்கார்ந்தபடியே இறந்தான்.

அடக்கம் முடிந்த வாரமே ஜிஷா மிஷினை ஆக்ரிக் கடையில் பழைய இரும்போடு போட்டாள்.

இந்த மழைக்கும் மிஷின் இருந்த அந்த மூலையில் துணி காய்கிறது. பக்கத்து வீட்டு டின்சி பிள்ளைகளின் யூனிபாரத்தைக் கொண்டுவந்தாள்.

"மிஷினத்தான் போட்டுட்டியளே அக்கா, பெறவு எப்படிக் காயுது?"

"அது இருந்தப்ப மட்டும் துணி காயறதத் தவிர வேற என்னத்துக்கு ஆச்சு?" என்றாள் ஜிஷா.

காலையில் யூனிபாரங்கள் மொறமொறவென்று காய்ந்திருந்தன. கொழுந்து பறிக்கப் போகையில் சேலைக்கு மேல் ஜிஷா போட்டுக்கொள்ளும் ஜோபியின் பழைய சட்டையும் அதே கயிற்றில்தான் கிடந்தது. அதில் காலரும் அக்குளும் முதுகும் மட்டும் நனைந்திருந்தன.

ஜிஷா காலி மூலையைப் பார்த்தாள்.

"இன்னும் எந்திரிக்கலியா நீரு?"

வேலைக்கு நேரமாகிவிட்டது. வேறு சட்டை இல்லை. அதையே மாட்டிக்கொண்டாள். ஈரம் வெதுவெதுப்பாக இருந்தது.