பதிமூன்றுக்கு மூன்று

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், ஆம்பூரில் ஜெர்சன் வீட்டு இஸ்திரிப் பெட்டிக்கு ஏற்ற ஃபியூஸ் எது என்ற மாபெரும் கேள்விக்கு இன்று நான்கு மணிக்குள் தீர்ப்பு வந்தாக வேண்டும். நான்கு மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். மகளின் பட்டுச்சேலை பாதி வழவழப்பும் பாதி கசங்கலுமாக மேசைமேல் கிடக்கிறது. ஜன்னல் வெயில் தேடிப்பிடித்துக் கசங்கலின்மேல் விழுகிறது. மஸ்கட்டிலிருந்து தங்கை அனுப்பிய பெட்டியின், உள்ளேயே ஃபியூஸ் வைத்த தடித்த ப்ளக்கை ஜெர்சன் மூன்றாம் முறையாகத் திறக்கிறார். காலையில் எரிந்துபோன பழைய ஃபியூஸை விரல்களில் உருட்டியபடி அவர் மனைவி ஹெப்சி வாசலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

"இதுல பதிமூணு ஆம்பியர்னு போட்டிருக்குதுங்க. நீங்க மூணு மூணா மாட்டி ரெண்டைக் கொளுத்திட்டீங்க."

"அது அவங்க ஊரு கரண்டுக்கு. அங்க ஜாஸ்தி. நம்ம ஊருக்கு மூணே போதும்."

"நம்ம கரண்டு அவ்ளோ கம்மின்னா பெட்டி இன்னாத்துக்கு இந்தச் சூடு சுடுது?"

அவர் திருகாணியை முடுக்கி ஸ்விட்சைப் போடுகிறார். பெட்டியின் சிவப்பு விளக்கு எரிகிறது. ஹெப்சி முந்தானையை இழுத்து விரிக்கிறாள். ஒரு மடிப்பு நிமிர்வதற்குள் விளக்கு அணைந்துபோகிறது. வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்கிறது. பெண்ணின் அப்பா பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிறார் என்று தரகர் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியிருக்கிறார்.