கிளமென்ட் ஜெயித்த வாரம்

வியாசர்பாடி நண்பர்களின் ஃபேன்டசி ஃபுட்பால் லீகில், நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கிப் போனில் டீம் போட்டு, வாரா வாரம் இரண்டிரண்டு பேர் மோதுவார்கள். அவர்கள் வீடுகள் வாய் திறந்து பேசும்; தோற்றவன் வீடு அடுத்த வாரம் முழுக்க ஜெயித்தவன் குரலில், அவன் பேசுகிற தினுசிலேயே பேசும். ஜெயித்தவன் வீட்டுக்கு அவனுடைய சொந்தக் குரலே.

கிளமென்ட்டுக்கு டீம் பொறுக்கத் தெரியாது. தெரியும் என்ற நினைப்பு மட்டும் நிறைய உண்டு. அதனால் சீசன் தொடங்கியதிலிருந்து அவன் வீட்டில் அடுத்தவர்கள் குரல்தான். போன வாரம் எத்திராஜ். "தங்கச்சி, பால் பொங்குதும்மா", "ஷெரின் கண்ணு, மழ வருது, குடைய எடுத்துக்கோ" என்று வீடு குழைந்துகொண்டிருந்தது.

இந்த வாரம் எப்படியோ ஜெயித்துவிட்டான். பிரியாணிப் பொட்டலத்தோடு ராஜா மாதிரி உள்ளே நுழைந்தான்.

"செருப்ப ஒழுங்கா விடத் தெரியாது?" என்றது வீடு, அவன் குரலில். அடுத்து சமையலறைப் பக்கம் பாய்ந்தது: "பால் பொங்குது, கண்ணு தெரியல?"

கிளமென்ட் ஆடிப்போனான். "ஜெசி, நான் இப்படியா பேசறேன்?"

"சேச்சே," என்றாள் மனைவி, அடுப்பைத் தணித்தபடி. "இது கொஞ்சம் மரியாதையா பேசுது."

மகள் ஷெரின் பொட்டலத்தைப் பிரித்தாள். "அப்பா, அடுத்த மேட்ச் யாரோட?"

"எத்திராஜ் மாமாவோட."

"தோத்துடுப்பா, ப்ளீஸ்."

கிளமென்ட் போனை எடுத்தான். கோல் மேல் கோல் போடுகிறவனை வெளியே உட்காரவைத்து, காலில் கட்டோடு கிடக்கும் ஒருவனை உள்ளே இறக்கினான்.

"எவனாவது இப்படி டீம் போடுவானா? மண்டையில மூள இருக்கா?" என்று வீடு கத்தியது.

பதில் சொல்ல வாயெடுத்தவனின் கையை ஷெரின் பிடித்தாள்.

"எதுவும் பேசாதப்பா," என்று கிசுகிசுத்தாள். "கொஞ்ச நேரத்துல தானா அடங்கிடும்."