மேகலாவின் போகி

போகியன்று காலை, மேகலா தன் கணினியில் இருந்த வேண்டாத கோப்புகளைக் கழிக்க உட்கார்ந்தாள். ஒரு மங்கலான படம் மற்ற கோப்புகளுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தது. அக்கா கல்யாணத்தில் எடுத்த படம்தான். ஆனால் அதில் மாப்பிள்ளையின் ஒரு காதும் பந்தல் தூணும் மட்டுமே தெரிந்தன.

"வா கண்ணு, இன்னைக்கு எனக்கு நீதான் சாப்பாடு," என்றது திரையோரத்துக் குப்பைத்தொட்டி.

"என்னை அழிச்சிடுவாங்களாண்ணே?"

"பின்னே, போகி எதுக்கு வருது?"

மேகலா படத்தைக் குப்பைத்தொட்டியின் வாய்வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே கொஞ்சம் தயங்கினாள். பிறகு 'அப்புறம் பார்க்கலாம்' என்று பெயரிட்டிருந்த கோப்புறைக்குள் அதைப் போட்டுவிட்டாள்.

உள்ளே ஒரே நெரிசல். பழைய செமஸ்டர் கால அட்டவணை ஒன்று நகர்ந்து இடம் கொடுத்தது.

"நீங்க எப்போ வந்தீங்க?" என்று கேட்டது படம்.

"நாலு போகிக்கு முன்னாடி. நல்லா உட்காரு. இனி அடுத்த போகிக்குத்தான் கதவு திறக்கும். அதுவும் புதுசா யாராவது உள்ளே வரத்தான்."

"எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டேம்மா," என்று வெளியே மேகலாவின் குரல் கேட்டது.

படம் தன் பந்தல் தூணில் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டது.